தொண்ணூறு என்று பொறித்த ஜெட்

ஓடாவிட்டால் எடைக்கு மூவாயிரம்,
ஓடினால் பதினாலாயிரம் என்றார்
முக்கூடல் பீடி ஏஜெண்ட் வில்சன்.
நடுவில் உள்ள பதினோராயிரம்
ஒரு கைப்பிடி உலோகத்துக்குள் அடைத்துக்கிடந்தது.

நாலு வருஷமாகக் கன்னடியன் கால்வாய்ப் பக்கச் சுவரில்
சாய்ந்து நனைந்த மேக்ஸ் நூறு.
சீட்டுக்குள் எலி குட்டி போட்டிருந்தது.
ஆர்.சி. என் பேரில்.
தவணையும் என் பேரில்தான் இருந்தது.

கார்புரேட்டரைக் கழற்றி
முறத்தில் விரித்த தினத்தாள்மேல் வைத்தேன்.
அடிக்கிண்ணத் திருகாணிகள் நாலில் மூன்று வந்தன.
நாலாவது தலை மழுங்கிப் போய் முறுக்கிக்கொண்டது.
மண்ணெண்ணெய் விட்டுவிட்டு
சோறு வடித்து, துணி காயப்போட்டு வந்து
ஒரு தட்டு தட்டினேன். டிக்.

கிண்ணம் நிறையச் செம்மண் குழம்பு.
இந்தத் துரு இதனுடையது இல்லை.
அலுமினியத்துக்குச் சிவக்கத் தெரியாது,
பூத்தால் வெள்ளையாய்ப் பூக்கும், ஊறுகாய் ஜாடி விளிம்பு மாதிரி.
சிவப்பெல்லாம் டேங்கிலிருந்து இறங்கினது.

டேங்குக்கு
ஆற்றுக் கூழாங்கல் இரண்டு படி,
புளிக்கரைசல் மூன்று லிட்டர்,
வாயை அடைத்து, பழைய சேலையில் பொதிந்து
மடியில் வைத்து ஒரு மணி நேரம் குலுக்கினேன்.
"என்னக்கா, கல்லுப் போட்டுப் புளிக்கொழம்பா?"
மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து உச்சிமாகாளி.
ஆமாலே, உனக்கும் ஒரு வாளி உண்டு.

பித்தளைச் சாமான்களுக்கும் அதே புளிதான்.
வெள்ளிக்கிழமை குத்துவிளக்குக்கு,
ஞாயிற்றுக்கிழமை ஜெட்டுக்கு.

சேரன்மகாதேவியில் பல் டாக்டரிடம் எனக்கு வேலை.
வேர்ச்சிகிச்சைக்கு முடிந்து கழித்த ஊசிகளை
அவித்து ஒரு மாத்திரை டப்பாவில் சேர்த்திருந்தேன்,
எதற்கென்று தெரியாமலே.
கொண்டையில் நிறம், நிறத்துக்கு ஒரு நம்பர்.
சின்ன ஜெட்டில் பதினைந்தை விட்டேன்,
நரம்பு எடுக்கையில் டாக்டர் செய்வதுபோல
கால் சுற்று, பின்னுக்கு, கால் சுற்று.
கடைசியில் துளை வழியே
எதிர்வீட்டு டிஷ் ஆண்டெனா தெரிந்தது.

பெரிய ஜெட்டின் நெற்றியில் 90 என்று பொறித்திருக்கிறது.
தொண்ணூறு, வெள்ளைக் கொண்டை. உரசாமல் போனது.
நூறு, மஞ்சள். போனது.
நூற்றுப்பத்து, சிவப்பு. அதுவும்.
நூற்றிருபது, நீலம்,
அதுதான் சுவரைப் பிடித்து நின்றது.

எவனோ ட்ரில் போட்டிருக்கிறான்.
செகண்ட் ஹாண்டாக எங்களிடம் வருமுன்பே
யாரோ ஒரு அவசரக்காரன்.

"பெட்ரோல மோந்து மோந்து குடிக்கிட்டி இந்தச் சனியன்"
என்பார் சொரிமுத்து, மாசம் இரண்டு தரம் கையை நீட்டி.
குடிக்கது வண்டியா வேற ஆளா என்பேன்.
ஒருநாள் தூங்கும்போது சட்டையை மோந்து பார்த்தேன்.
பெட்ரோல் வாடைதான் அடித்தது.
அதையும் நம்பவில்லை.

அலமாரியின் அடியில் அந்த நோட்டு இருந்தது.
பெட்ரோல் 300. பெட்ரோல் 400? பெட்ரோல்???
கேள்விக்குறிகள் பேனாவை அழுத்தி
மறுபக்கத்தில் முளைத்திருந்தன.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.
தொண்ணூறுக்கு நூற்றிருபது என்றால்
துளை ஏறக்குறைய இரு மடங்கு.
குடித்திருக்கத்தான் செய்யும்.
மாசம் எழுநூறு ரூபாய்வரை அவர் சொன்னது நிஜம்.
எழுநூறை எல்லா மாசத்திலும் கழித்தேன்.
அப்படியும் மீதி நின்றது.
கம்மல் நின்றது. சீட்டுப் பணம் நின்றது.
திருப்பூரில் எடுத்த அந்த வீட்டு அட்வான்ஸ்
அப்படியே நின்றது.

வண்ணார்பேட்டையில் புது ஜெட் அறுபது ரூபாய்.
மூன்றாம் உதையில் இருமி,
ஐந்தாம் உதையில் பிடித்து,
தெரு முழுக்க நீலப் புகை.
கால்வாயில் குளித்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வில்சன் நோட்டுகளை எண்ணிக்கொண்டே கேட்டார்,
"மைலேஜ் எவ்ளோக்கா குடுக்கும்?"

"இப்ப நல்லாக் குடுக்கும்" என்றேன்.
"முந்தி குடுக்கல."

பழைய ஜெட் மாத்திரை டப்பாவில் இருக்கிறது,
நீலக் கொண்டை ஊசி அதிலேயே செருகியபடி.